இடமும் இழப்பும்

பொருளைச் சேர்த்தல் அரிது. சேர்த்த பொருளைக் காத்தல் அதனினும் அரிது. காக்கவேண்டியது இது, கழிக்கவேண்டியது இது எனப் பகுத்தறிதலோ அவ்விரண்டினும் அரிது. ஏட்டுச் சுவடிகளைப் பரணிலும் பெட்டகத்திலும் வைத்துப் போற்றிய நாளில் இவ்வருந்தொழில் கறையானோடும் ஈரத்தோடும் போராடுவதாயிருந்தது. சுவடியும் நூலும் குரலும் படமும் கணிப்பொறியின் வட்டினுள்ளே புகுந்துறையும் இந்நாளில் அப்போராட்டம் வேறு வடிவங் கொண்டுள்ளது. கறையான் ஒரு சுவடியை அரித்து முடித்தற்கு நாட்பல வேண்டும். வட்டிலுள்ள ஆயிரம் சுவடிகளை அழித்தற்கு ஒருவிரலின் அசைவே போதும். அவ்விரலை அசைக்குமுன் ஒருவர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. அஃது யாதென்பதைக் கும்பகோணத்தில் வாழும் தமிழாசிரியர் ஒருவர்க்கு நேர்ந்த நிகழ்ச்சி நன்கு விளக்கும்.

அவ்வாசிரியர் பணியினின்றும் ஓய்வுபெற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தவர். கற்றலும் எழுதுதலுமன்றி வேறு பொழுதுபோக்கு அறியாதவர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்தும் பிற நூற்களஞ்சியங்களிலிருந்தும் பழம்பதிப்புக்களை இறக்கித் தம் கணிப்பொறியிற் சேர்த்தல் அவர்க்கு நாள்தோறும் வாய்க்கும் இன்பமாயிற்று. எனினும், அவற்றினும் மேலாக அவர் போற்றிய செல்வங்கள் இரண்டு. இளமையில் தமக்குப் பாடஞ்சொன்ன நல்லாசிரியர் சிவஞானபோதத்திற்கு நிகழ்த்திய விரிவுரைகள் 38 கேசட்டு ஒலிநாடாக்களிற் பதிவாகியிருந்தன. ஒவ்வொன்றும் ஒருமணி நேரத்தது. நாடாக்களிற் பூசணம் படர்ந்து, சுற்றுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கிய காலத்து, அவ்வொலியைக் கணிப்பொறிக்கு மாற்றிக்கொண்டு, பழுதுற்ற நாடாக்களைக் கழித்துவிட்டனர். இது முதற் செல்வம். அந்நல்லாசிரியர் தம் கைப்புத்தகத்தின் ஓரங்களிற் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புக்கள் இரண்டாவது செல்வம். அவர் மறைந்தபின் அவருடைய நூல்களெல்லாம் பழந்தாட் கடைக்குச் சென்றன. செல்லுமுன் அப்புத்தகத்தின் 64 பக்கங்களைக் கைப்பேசியாற் படமெடுத்து வைத்தவர் இம்மாணாக்கர் ஒருவரே.

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு ‘விண்டோஸ் 10’ என்னும் இயக்கமென்பொருட்குரிய பொதுவான பாதுகாப்பு உதவி முடிவுற்றது. ஆதலின், மறுநாளே ஒருவரை அழைத்து ஆசிரியர் தம் கணிப்பொறியை ‘விண்டோஸ் 11’-க்கு மாற்றுவித்தார். மாற்றிய அன்று மாலையே வட்டின் நிறைவைக் காட்டும் கோடு சிவப்பாயிற்று; காலியிடம் பத்தில் ஒரு பங்கிற்குக் குறைந்தால் அது சிவக்கும். அவர் வட்டிலோ நூற்றில் ஒரு பங்கும் எஞ்சியிருக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த கட்டுரையைச் சேமிக்க முயன்றார். இடமில்லை யென்று பொறி மறுத்தது. நெஞ்சு பதைத்த ஆசிரியர் கண்ணெதிரே மிகுதியாகத் தோன்றியவற்றை நீக்கத் தொடங்கினார். மிகுதியாகத் தோன்றியவை படங்கள். ‘புதிய கோப்புறை’ என்றும், ‘புதிய கோப்புறை 2’ என்றும், ‘புதிய கோப்புறை 3’ என்றும் பெயர் தாங்கிநின்ற சிலவற்றை, பெயரே இல்லாதவற்றில் என்ன இருக்கப்போகிறது என்றெண்ணித் திறந்து பாராமலே நீக்கினார். நீக்கியும் காலியிடம் மிகவில்லை. தொலைபேசியில் ஒருவரை வினவியபோது, நீக்கியவை ‘ரீசைக்கிள் பின்’ என்னும் கூடையிலே கிடக்கும், அதனையுங் காலிசெய்க என்றார். அவ்வாறே செய்தார். கிடைத்த இடம் 2 ஜிகாபைட்டு. இரண்டு நாளில் அதனையும் பொறி தன் புதுப்பிப்புக் கோப்புகளால் நிரப்பிவிட்டது.

தீபாவளிக்கு முன்னாள் சென்னையிலிருந்து வந்த பேர்த்தி நிகழ்ந்ததைக் கேட்டாள். “தாத்தா, இனி எதையும் நீக்காதீர்கள். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று முதலில் அளந்து பார்த்துவிடுவோம்,” என்றாள். அளவாமல் நீக்கியதே பிழையென்பது அச்சொல்லில் அடங்கியிருந்தது.

அளக்கத் தொடங்கியவுடன் ஆசிரியர்க்கு ஓர் ஐயம் எழுந்தது. 256 ஜிகாபைட்டு என்று விலைகொடுத்து வாங்கிய வட்டினைப் பொறி 238 என்று காட்டுவதென்னை? விற்றவர் வஞ்சித்தனரோ? வஞ்சனை ஒன்றுமில்லை, அளவுகோல்கள் இரண்டாயிருத்தலே இதற்குக் காரணம். வட்டினைச் செய்வோர் நூறு கோடி பைட்டுக்களை ஒரு ஜிகாபைட்டு என்பர். விண்டோஸோ இரண்டினை முப்பது முறை பெருக்கிவரும் 107 கோடியே 37 இலட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்டுக்களை அப்பெயராற் குறிக்கும். இக்குழப்பத்தை நீக்குதற்குப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-ஆம் ஆண்டிலேயே பின்னைய அளவிற்கு ‘ஜிபிபைட்டு’ என்று வேறு பெயர் வகுத்தது. ஆயினும் அப்பெயர் பொதுவழக்கில் வேரூன்றவில்லை.

அளவின் பெருமையிற் கருதத்தக்கது மற்றொன்றுண்டு. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளிப்படுத்திய முதல் வட்டுக்கலம் ஐம்பது பெருந்தட்டுக்களை உடையது. ஏறத்தாழ ஒரு டன் நிறையுள்ளது. அது கொண்டதோ ஐம்பது இலட்சம் எழுத்துக்கள். இந்நாளில் யூனிகோடு முறையிலே பெரும்பாலும் கையாளும் வகையில், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வேண்டும். அங்ஙனம் எழுதினும் திருக்குறள் 1330 பாக்களும் அரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். குறுந்தகட்டின் தரத்திற் பதிந்த ஒலியோ ஒரு நொடிக்கு 1,76,400 பைட்டுக்களையும், ஒரு மணிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட்டுக்களையும் கொள்ளும். குறள் முழுவதையும் ஆயிரம் முறைக்கு மேல் எழுதிவைக்கத்தக்க இடத்தை ஒருமணி நேரப் பேச்சு நிரப்புகின்றது. ஆகவே, வட்டிற் பிடிக்கும் இடத்திற்கும் பொருளின் மதிப்பிற்கும் தொடர்பு யாதுமில்லை என்பது பெறப்படும்.

பேர்த்தி எடுத்த கணக்கு வருமாறு: இயக்கமென்பொருளும் பிற மென்பொருள்களும் 48 ஜிகாபைட்டு, புதியதற்கு மாறியபோது பொறி தானே ஒதுக்கிவைத்த பழைய விண்டோஸ் 21, உறக்கக் கோப்பும் நினைவகத் துணைக்கோப்பும் 8, இடைக்காலக் கோப்புகள் 9, மும்முறை கணிப்பொறிக்கு இறக்கிய கைப்பேசிப் பொருள்கள் முறைக்கு 18 வீதம் 54, நூற்பதிப்புக்கள் 62, விரிவுரை ஒலிகள் 22, பிற 13. ஆக 237. ஆசிரியர் நாற்பதாண்டாக எழுதிய கட்டுரைகளும் கடிதங்களும் பாடக்குறிப்புக்களும் ஆகிய அனைத்தும் அப்‘பிற’ என்பதனுள்ளே 310 மெகாபைட்டாய் ஒடுங்கிக் கிடந்தன. ஓர் ஒலிநாடாவிற் பாதியளவும் இல்லை. அவர் ஒருநாளும் கண்டிராத, கேட்டிராத, வேண்டியிராத பொருள்களோ அதனினும் நூறுமடங்குக்கு மேற்பட்ட இடத்தைக் கவர்ந்து வீற்றிருந்தன.

இக்கணக்கை முன்வைத்துக்கொண்டு இருவரும் பொருள்களை மூவகையாகப் பகுத்தனர். பொறி தனக்கு வேண்டும்போது தானே மீண்டும் ஆக்கிக்கொள்வன ஒருவகை. வேறிடத்துச் சென்றால் மீண்டும் பெறத்தக்கன ஒருவகை. இவ்வட்டிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாதன ஒருவகை. பெரிதா சிறிதா என்பதும், பழையதா புதியதா என்பதும் ஈண்டு வினாவல்ல. ‘இது போனால் மீண்டும் கிடைக்குமா?’ என்பதே வினா. கோப்புக்களின் பட்டியலைப் பொறி அளவு முறையாலும் நாள் முறையாலும் பெயர் முறையாலும் வரிசைப்படுத்திக் காட்டும். இவ்வொரு வினாவிற்கு விடை சொல்லும் நிரல் மட்டும் அப்பட்டியலில் இல்லை. அதனை உடையவரே தம் நெஞ்சிலிருந்து எழுதிச் சேர்த்தல் வேண்டும்.

முதல்வகையிற் கைவைப்பதற்கு அஞ்சவேண்டுவதில்லை. பழைய விண்டோஸைப் பொறி வைத்திருப்பது, புதியது ஒவ்வாதாயின் திரும்பிச் செல்லுதற் பொருட்டு. பத்துநாள் கழிந்தபின் அதனைப் பொறியே நீக்கிவிடும். ஆசிரியர் இன்னும் ஆறுநாள் வாளா இருந்திருப்பின், யாதொன்றையும் நீக்காமலே 21 ஜிகாபைட்டு இடம் தானே வந்திருக்கும். இதனைக் கேட்ட ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. புதிய மென்பொருள் செம்மையாக இயங்குதலைச் சோதித்தறிந்தபின், அமைப்புப் பகுதியிலுள்ள சேமிப்பகப் பக்கத்தின் வாயிலாக அப்பழையதனை நீக்கினர். இடைக்காலக் கோப்புக்களும் அவ்வழியே சென்றன. உறக்கக் கோப்பு என்பது, பொறியை அணைக்காமல் உறங்கவைக்கும்போது நினைவகத்திலுள்ளதை வட்டிற் பதிந்துவைக்கும் இடம். அவ்வசதியை ஆசிரியர் கையாள்வதில்லை. அதனை நிறுத்தவே, பொறி தொடங்குதற்குச் சிறிது காலம் மிகுந்தாலும், 3 ஜிகாபைட்டு மீண்டது. ஆயின், இயக்கமென்பொருளின் உள்ளுறுப்புக்களை வைத்துள்ள ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்னும் கோப்புறையைக் கையால் நீக்குதல் கூடாது. ஒரே கோப்பு ஈரிடத்துப் பெயர்பெற்று நிற்றலால், அது தன் உண்மை அளவினும் பெரிதாகத் தோன்றும். தோற்றத்தைக் கண்டு அதன்மேற் சினங்கொள்வோர் பொறியையே முடக்கிக்கொள்வர்.

இரண்டாம் வகையில் விழிப்பு வேண்டும். கைப்பேசிப் பொருள்கள் ‘போன்’, ‘போன் புதிது’, ‘போன் புதிது - நகல்’ என மூன்று கோப்புறைகளாக நின்றன. மூன்றாவது நகலென்று தன் வாயாலே சொல்லுதலின், அதனை நீக்குதற்கு ஆசிரியர் இசைந்தார். பேர்த்தியோ பெயரை நம்பவில்லை. கோப்புக்களின் உள்ளீட்டையே எண்ணாக்கி ஒப்பிடும் மென்பொருளால் மூன்றையும் நோக்கினாள். நகலெனப் பெயர்கொண்டதிற் பிற இரண்டிலும் இல்லாத 214 படங்கள் இருந்தன. ஆசிரியருடைய மனைவியாரின் இறுதி ஆண்டிற் குடும்பத்தோடு திருவையாறு சென்றபோது எடுத்தவையும் அவற்றுட் சில. அவற்றைப் பிரித்தெடுத்துச் சேர்த்தபின்னரே மிகையான இரண்டு தொகுதிகளும் கழிக்கப்பட்டன. நண்பர்கள் நாள்தோறும் விடுத்த காலை வணக்கப் படங்களை மும்முறை காத்துவைத்திருந்த பொறிக்கு இதனால் 36 ஜிகாபைட்டு ஓய்வு கிடைத்தது.

‘இரட்டை’ என்னுஞ் சொல்லை நம்பிக் கெட்டவர் தனியொருவர் மட்டுமல்லர். 2018 அக்டோபர் மாதத்தில் மைக்ரோசாப்டு நிறுவனம் விண்டோஸ் 10-க்கு ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. ‘ஆவணங்கள்’, ‘படங்கள்’ முதலிய கோப்புறைகளை வேறு வட்டிற்கு மாற்றிக்கொண்ட சிலர்க்குப் பழைய இடத்தில் அதே பெயருள்ள வெற்றுக் கோப்புறைகள் இரட்டையாய்த் தோன்றிவந்தன. அவ்விரட்டையைத் துடைத்தற்கென எழுதிய நிரல், பழைய இடத்தில் மெய்யாகவே கோப்புக்கள் எஞ்சியிருந்தவர்க்கு அவற்றையுஞ் சேர்த்துத் துடைத்துவிட்டது. சில நாளிலே அப்புதுப்பிப்பு நிறுத்தப்பட்டது; குறை நீக்கி நவம்பர் 13-ஆம் நாள் மீண்டும் வெளிவந்தது. இழந்தோர் தொகையால் மிகச் சிலரே. எனினும், இழந்த ஒருவர்க்குத் தம் இழப்பு நூற்றுக்கு நூறன்றோ? திறம்படைத்த பொறிஞரே வெற்றென்று கருதியது வெற்றன்றாயின், ‘புதிய கோப்புறை’ என்னும் பெயரைக் கண்டு உள்ளே ஒன்றுமில்லை யென்று துணிதல் எத்துணைப் பிழையாம்!

நூற்பதிப்புக்களுள் அடிக்கடி வேண்டுவன 10 ஜிகாபைட்டளவே. எஞ்சிய 52-ஐயும் புதிதாக வாங்கிய வெளிவட்டிற்கு மாற்றினர். மாற்றும்போது ‘வெட்டி ஒட்டுதல்’ என்னும் முறையைப் பேர்த்தி கொள்ளவில்லை. முதலிற் படியெடுத்து, படியெடுத்த நூல்களுட் பலவற்றை ஆங்காங்கே திறந்து பார்த்து, கோப்புக்களின் எண்ணிக்கையும் அளவும் ஒத்திருத்தலைக் கண்டபின்னரே பழைய இடத்தினின்றும் நீக்கினாள். இடையே மின்னிணைப்பு அறுந்தாலும் இழப்பு நேராமைக்கு இதுவே வழி.

மூன்றாம் வகையை அணுகியபோதுதான் பொறியின் அறிவுக்கும் மாந்தர் அறிவுக்கும் உள்ள வேற்றுமை புலனாயிற்று. விண்டோஸ் 11 தன் சேமிப்பகப் பக்கத்தில், நீக்கத்தக்கவை இவை என்று ஒரு பரிந்துரை காட்டும்; அதிற் ‘பெரியன அல்லது பயன்படுத்தாதன’ என ஒரு பகுதி உண்டு. அப்பகுதியில் முன்னே நின்றவை 38 விரிவுரைகளும்! அவை பெரியன, இரண்டாண்டாகத் திறக்கப்படாதன. பொறி பொய் சொல்லவில்லை. தான் அறிந்த இரண்டினையும் சரியாகவே சொல்லியது. அந்நல்லாசிரியரின் குரல் இவ்வுலகில் எஞ்சியிருக்கும் ஒரேயிடம் அஃதென்பது அதற்குத் தெரியாது. முன்னே நீக்கத் தொடங்கிய நாளில் ஆசிரியர் அப்பக்கத்தை அறிந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்றெண்ணி இருவரும் நடுங்கினர்.

இவ்வச்சம் மிகையன்று. 1969 ஜூலையில் மாந்தர் முதன்முதல் திங்களில் அடிவைத்த காட்சி அங்கிருந்து நேரே வந்த உயர்தரத்திற் காந்த நாடாக்களிற் பதிவாயிற்று; தொலைக்காட்சியில் உலகங் கண்டது அதனினும் தரங்குறைந்த மாற்றுவடிவமே. பிற்காலத்தில் அம்மூலநாடாக்களை நாசா நிறுவனத்தார் நெடிது தேடினர். நாடாத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்து, பழைய பதிவை அழித்துப் புதிய பதிவிற்குப் பயன்படுத்திய பெருந்தொகை நாடாக்களோடு அவையும் அழிந்திருத்தல் வேண்டும் என 2009-ஆம் ஆண்டில் முடிவு கூறினர். ஒலிபரப்பு வடிவங்கள் எஞ்சினமையால் அவற்றைச் செப்பனிட்டனர், மூலம் மீளவில்லை. பகைவர் எவரும் அதனை அழித்திலர். இடம் வேண்டி அழித்தனர்.

தமிழ்நாட்டார்க்கும் இத்தகைய வரலாறு புதிதன்று. சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க்குச் சென்ற டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள், அங்கே கோயிலிற் கிடந்த பழைய ஏடுகளைக் கண்ட இடத்திற் போடலாகாதென்று நெய்யில் தோய்த்துத் தீயில் ஆகுதி செய்துவிட்டனர் என்னுஞ் செய்தியைக் கேட்டு நெஞ்சம் புண்பட்டதைத் தம் ‘என் சரித்திர’த்திற் பதிந்துவைத்துள்ளார். அவ்வேடுகளை எரித்தோர் அவற்றை இகழ்ந்து எரித்தாரல்லர்; முறைப்படி செய்வதாக எண்ணியே செய்தனர். இன்ன ஏடு பிறிதோரிடத்தில் உண்டோ என்று ஒருவரும் வினவவில்லை. அவ்வொரு வினா இன்மையால் எந்நூல் எந்நூல் மறைந்தனவோ, எவர் அறிவார்?

விரிவுரைகளின் ஒலிக்கு இடங்குறைத்தற்கு வேறு நல்வழி இருந்தது. ‘ஃபிளாக்’ என்னும் வடிவம் ஒலியில் ஓர் அணுவும் குறையாமல் சுருக்குவது. விரித்தால் முன்னிருந்த எண்களே மீண்டும் வரும். அவ்வடிவத்திற்கு மாற்றவே 22 ஜிகாபைட்டு ஏறத்தாழப் பாதியாயிற்று. ‘எம்பி3’ வடிவம் இன்னும் மிகச் சுருக்கும். ஆயின் செவிக்கு எட்டாதெனத் தான் கருதுவதைக் கழித்துவிடுதலின், கேட்டற்கு அஃது ஏற்றதாயினும், மூலமாகக் காத்தற்கு ஏற்றதன்று.

இவ்வேலைகள் நிறைவுறும் தறுவாயில், உலகில் வேறெங்கும் இல்லாதவற்றைப் பட்டியலிடுமாறு பேர்த்தி கேட்டாள். ஆசிரியர் விரிவுரைகளை எழுதினார்; தம் கட்டுரைகளை எழுதினார்; மனைவியாரின் படங்களை எழுதினார்; நான்காவதாக ஓரக்குறிப்புக்களின் படங்கள் 64 என்று எழுதினார். எழுதியதைத் தேடினர். வட்டில் இல்லை; மும்முறை இறக்கிய கைப்பேசிப் பொருள்களிலும் இல்லை; அவை அதற்கு முந்திய கைப்பேசியில் எடுத்தவை. ‘புதிய கோப்புறை 3’ என்பதனுள் இருந்தவை அவையே என்பது ஆசிரியர்க்கு அப்போது நினைவிற்கு வந்தது.

நீக்கியதை மீட்கலாகாதோ எனின், அதனையும் முயன்றனர். பழைய சுழல்வட்டுக்களில் ஒரு கோப்பை நீக்குதல் என்பது பொருளடக்கத்தினின்றும் அதன் பெயரை அடிப்பது போல்வது. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரையிற் பொருள் அங்கேயே கிடக்கும். அதனால் மீட்கும் மென்பொருள்கள் பலகாற் பயன்படும். இந்நாளில் பெரும்பாலான மடிக்கணினிகளில் உள்ளது ‘எஸ்.எஸ்.டி.’ என்னும் அசைவில்லா வட்டு. இதில் நீக்கியவுடன், இன்ன இடங்கள் இனி வேண்டா என்று இயக்கமென்பொருள் வட்டிற்கு அறிவித்துவிடும். ‘டிரிம்’ என்பது அவ்வறிவிப்பின் பெயர். அறிவிப்புப் பெற்ற வட்டு ஓய்ந்த பொழுதில் அவ்விடங்களைத் துடைத்துவிடும். வேகத்திற்கும் நீண்ட வாழ்நாளுக்கும் இது வேண்டுவதே. மீட்போர்க்கு மட்டும் இது கதவடைப்பு. மீட்கும் மென்பொருள் சில பெயர்களைக் காட்டியது. பெயர்களின் பின்னே ஒன்றுமில்லை.

மாலையில் ஆசிரியர்க்கு ஒரு நினைவு தோன்றிற்று. பல ஆண்டுகளுக்கு முன் தம் மாணாக்கர் ஒருவர் கேட்க, அவற்றுட் சில பக்கங்களை வாட்சப்பில் அனுப்பியதுண்டு. அவர்க்குப் பேசினர். அவர் தம் பழைய கைப்பேசியைத் தேடியெடுத்து உயிர்ப்பித்து, கிடைத்த 23 படங்களை விடுத்தார். அனுப்பும்போதே செயலி சுருக்கிவிட்டமையாற் பென்சிற்கோடுகள் மங்கியிருந்தன. உருப்பெருக்கிப் படித்தால் ஏறக்குறைய எல்லாச் சொற்களும் விளங்கின. எஞ்சிய 41 பக்கங்கள் போயின. தீபாவளி கழிந்த மறுநாள் தொட்டு ஆசிரியர் ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அப்பக்கங்களிற் படித்தவற்றுள் நினைவிலுள்ளவற்றை எழுதிவரலானார். இஃது ஆசிரியர் சொல், இஃது என் நினைவு என இரண்டையும் வேறு வேறு மையால் எழுதுகின்றார். தம் சொல்லை ஆசிரியர் சொல்லாக்கிவிடுதல் இன்னோர் இழப்பாம் என்பது அவர் கருத்து.

இதன்பின் அக்குடும்பத்தார் கைக்கொண்ட ஒழுங்கு எளியது. வேறெங்கும் இல்லாத பொருளுக்கு மூன்று படிகள். அவை இருவகைக் கலங்களில். அவற்றுள் ஒன்று வேறூரில். கணிப்பொறியில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று, சென்னையிற் பேர்த்தி இல்லத்தில் ஒன்று என அமைத்தனர். வெளிவட்டும் ஒருநாட் பழுதுறுவதே. ஆதலின் ஆண்டிற்கொரு முறை திறந்து சோதித்தலும், சில ஆண்டுகளுக்கொரு முறை புதியதற்கு மாற்றுதலும் வேண்டும். இணையச் சேமிப்பை நம்புவோர்க்கு எச்சரிக்கை ஒன்றுண்டு. கணிப்பொறியின் கோப்புறையும் இணையத்திலுள்ளதும் ஒத்திசைவாய்ப் பிணைக்கப்பட்டிருப்பின், ஈண்டு நீக்கியது ஆண்டும் நீங்கும். சில நாள் வரை அங்குள்ள கூடையிலிருந்து மீட்கலாம், பின்னர் இல்லை. இணையத்தில் இருக்கிறதே என்று எண்ணி, இடம் பெறுதற்கு இங்கே நீக்கியவர் பலர், இரண்டிடத்தும் இழந்து வருந்தியதுண்டு. இடத்தை விடுவித்தற்கென அச்செயலிகள் தனியே ஒரு கட்டளை வைத்துள்ளன. அதனையே கையாளுதல் வேண்டும். ஒத்திசைவு ஒரு பொருளின் இருவேறு தோற்றம்; அதனைப் படியென்று கொள்ளுதல் மயக்கமாம்.

கோப்புக்களுக்கும் கோப்புறைகளுக்கும் அவற்றின் பொருள் விளங்கப் பெயரிடுதல் இவ்வொழுங்கின் மற்றோருறுப்பு. ‘புதிய கோப்புறை 3’ என்பதற்குப் பதிலாக ‘ஆசிரியர் ஓரக்குறிப்பு – வேறு படி இல்லை’ என்று ஒருகால் எழுதிவைத்திருந்தால், பதைத்த நெஞ்சமும் அவ்விடத்திற் கைநடுங்கி நின்றிருக்கும். ஏடெழுதியோர் கட்டின் முகப்பில் நூற்பெயரை எழுதிவைத்த வழக்கம் அழகிற்காக ஏற்பட்டதன்று.

இறுதியாகக் கணக்குப் பார்த்தபோது அவ்வட்டில் 133 ஜிகாபைட்டு காலியாயிருந்தது. சிவந்த கோடு நீலமாயிற்று, கட்டுரையும் சேமிக்கப்பட்டது. அசைவில்லா வட்டு தன் உள்வேலைகளைச் செவ்வனே செய்தற்கும் சிறிது காலியிடம் எப்போதும் வேண்டுதலின், இது நன்மையே. அவ்விடம் முழுவதையும் ஆராய்ந்தால், அதன்பொருட்டு ஆசிரியர் தமக்குரிய அரும்பொருள் ஒன்றையேனும் இழக்கவேண்டியிருந்ததில்லை என்பது விளங்கும். பழைய விண்டோஸும், இடைக்காலக் கோப்பும், உறக்கக் கோப்பும், மும்முறை சேர்ந்த வணக்கப் படங்களும் நீங்கியும், நூற்பதிப்புக்கள் வெளிவட்டிற்கு மாறியும், விரிவுரை ஒலிகள் சுருங்கியுமே அத்தனை இடமும் வந்தது. அவர் இழந்த 64 படங்கள் பிடித்திருந்த இடமோ கால் ஜிகாபைட்டுக்கும் குறைவு.

இடம் விலைக்குக் கிடைக்கும். சில ஆயிரம் உரூபாவிற்கு இதனினும் பன்மடங்கு பெரிய வட்டினை எந்நாளும் வாங்கலாம். ஓரத்தில் ஒருவர் பென்சிலால் எழுதிய ஒரு வரி எந்த விலைக்கும் மீளாது. நிறைந்த வட்டைக் கண்டு பதறும் அன்பர்கள் முதலில் அளந்து, பின்னர்ப் பகுத்து, மீண்டும் கிடைக்காத பொருளுக்கு வேறொரு படி ஆக்கிவைத்து, அதன்பின்னரே நீக்கத் தொடங்குவாராக. கும்பகோணத்து ஆசிரியர் தம் குறிப்புப் புத்தகத்தில் இதுவரை ஒன்பது பக்கங்களுக்குரிய நினைவுகளை எழுதி முடித்துள்ளார். ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன் அதனைப் படமெடுத்துச் சென்னைக்கு அனுப்பிவிடுகின்றார்.